சீசனில் குடிபோவதா, மழை வரட்டும் என்று காத்திருப்பதா? ஊட்டிக்கு வீடு மாறுகிறவர்களுக்கு

எங்கள் சாமான் ஏற்றிய மினி லாரி பர்லியாரைத் தாண்டியபோது காலை பத்து மணி. குன்னூர் பஸ் ஸ்டாண்டைத் தொட்டபோது பிற்பகல் இரண்டரை. நடுவில் இருப்பது 20 கிலோமீட்டர் கூட இல்லை. வண்டி நகராமல் நின்ற ஒரு வளைவில், பின்னால் வந்த காரிலிருந்து ஒரு குடும்பமே இறங்கியது. எங்கள் பீரோவின் கண்ணாடி வெளிப்பக்கம் பார்த்து நின்றதால் அந்த அம்மா அதில் பார்த்துத் தலைவாரிக்கொண்டார். டிரைவர் தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, சீசன்ல எல்லாரும் ஒரு பையைத் தூக்கிட்டு வருவாங்க. நீங்க வீட்டையே தூக்கிட்டு வந்திருக்கீங்க."

அது மே மாதத்து வெள்ளிக்கிழமை. மலர்க் கண்காட்சி நடந்துகொண்டிருந்த வாரம்.

அதற்குப் பிறகு ஊட்டிக்குள்ளேயே இன்னொரு முறை வீடு மாறினோம். அதனாலோ என்னவோ, ஏப்ரலில் மாறுதல் உத்தரவு கையில் கிடைத்தவர்கள் யாராவது எனக்குப் போன் செய்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: மே மாதமே வந்துவிடுவதா, ஜூன் பாதி வரை பொறுப்பதா? வந்தால் ஊருக்குள் வீடு பார்ப்பதா, கேத்தி, குன்னூர், கோத்தகிரி என்று தள்ளிப் பார்ப்பதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே எழுதி வைக்கிறேன்.

சீசன் என்ற சொல் சமவெளிக்காரர்களுக்குச் சரியாகப் புரிவதில்லை. ஊட்டிக்கு இரண்டு சீசன். ஏப்ரலிலிருந்து ஜூன் தொடக்கம் வரை முதலாவது, செப்டம்பர், அக்டோபரில் செகண்ட் சீசன். முதலாவதன் உச்சம்தான் மே மாதக் கோடை விழா. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டி ரோஜா பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று மாதம் முழுக்க மாவட்டமே பந்தல் போட்டுக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் பெரியது தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சி. 1896-ல் தொடங்கியது; 2025-ல் நடந்தது 127-வது. 2024-ல் மே 10-ம் தேதியும் 2025-ல் மே 15-ம் தேதியும் ஆரம்பித்தது. ஆரம்ப நாளுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். வாடகை ஒப்பந்த வேலையாக ஒரு அலுவலகத்துக்கு நான் கிளம்பியது சரியாக அன்றைக்குத்தான்.

கூட்டத்தின் அளவு தெரிய ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 88 ஆயிரம் சொச்சம். 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகளுக்கு மேல் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வரம்பே அவ்வளவு. வண்டிக்கு நாலு பேர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

சரி, முதல் வழி: மே மாதமே, ஊருக்குள்ளேயே.

இதில் முதல் தொல்லை வீடு கிடைப்பது. பூங்காவுக்கு நடந்துபோகிற தூரத்தில் நல்ல வீடு வைத்திருக்கும் யாரும் மே மாதம் அதை மாத வாடகைக்கு விடமாட்டார்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டுக்காரம்மா ஒளிக்காமல் சொன்னார்: "நீங்க மாசம் முழுக்கக் குடுக்கறத, டூரிஸ்ட் நாலு நாள்ல குடுத்துட்டுப் போயிடறாங்கம்மா. ஜூன் பத்துக்கு மேல வாங்க, இதே வீட்ட நீங்க சொல்ற வாடகைக்கே தர்றேன்." அந்த அம்மா கணக்கில் தப்பில்லை. ஆனால் மே மாதம் காலியாகக் கிடக்கிற வீடு என்றால், சுற்றுலாக்காரர்களே வேண்டாம் என்று விட்ட வீடு அது என்று ஒரு சந்தேகம் வரத்தான் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அந்த ரகம். படி இறங்கிப் போகிற லைன் வீடு, வெயில் படாத பின்சுவர், புதுசாய் அடித்த மஞ்சள் பெயின்ட்.

அந்தப் பெயின்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீசனுக்கு முன்னால் ஊரே பெயின்ட் அடிக்கும். மார்ச், ஏப்ரலில் சுவரும் காய்ந்திருக்கும். மே மாதம் வீடு பார்க்கப் போகிறவருக்கு எந்த வீடும் புதுவீடு போலத்தான் தெரியும். ஜூலையில்தான் எங்கள் வீட்டின் முகம் தெரிந்தது. படுக்கையறைச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரை ஒருநாள் தாள் கிழிக்கத் தூக்கினேன். அட்டையின் பின்பக்கம் முழுக்கப் பச்சையும் கறுப்புமாய்ப் பூஞ்சணம். சுவரில் அட்டையின் அளவுக்கே சதுரமாய் ஒரு ஈரத் திட்டு. விரலை வைத்தால் பெயின்ட் பாலாடை மாதிரி நழுவியது. சுவரை ஒட்டி நிறுத்தியிருந்த பீரோவைத் திறந்தேன். பட்டுப்புடவைகளில் அதே வாசனை. அதிலிருந்து நான் யாருக்கு வீடு பார்க்கப் போனாலும் முதலில் காலண்டரையும் சாமி படத்தையும் தூக்கிப் பார்ப்பேன். பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யாத வீடாக இருந்தால் ரொம்ப நல்லது, தூக்கிப் பார்க்க ஏதாவது இருக்கும். காலி வீடு என்றால் சுவர் அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கலாம். கூச்சப்பட வேண்டாம், இங்கே எல்லோரும் செய்வதுதான்.

அதற்காக மே மாதத்தை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. ஈரத்தை மறைக்கிற அதே மே, தண்ணீர் விஷயத்தை அப்பட்டமாகக் காட்டிவிடும். ஊட்டி நகராட்சிக்குப் பார்சன்ஸ் வேலி அணைதான் முக்கிய ஆதாரம். அதோடு மார்லிமந்து, தொட்டபெட்டா, டைகர் ஹில் என்று சின்ன நீர்த்தேக்கங்களும் உண்டு. மழைக்கு முந்தைய மாதங்களில் இவை வற்றிப் போயிருக்கும், செலவோ அப்போதுதான் அதிகம். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே வெப்பநிலை 29 டிகிரியைத் தொட்டது நினைவிருக்கலாம். மே மாதத்தில் ஒரு தெருவில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறார்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டில் கேட்டால் போதும், அந்த வீட்டின் மோசமான மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். ஜூலையில் கேட்டால் எல்லோரும் "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, வாசலிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஊருக்குள் எந்தப் பக்கம் என்பதற்கு நான் வைத்திருக்கிற விதி: உங்கள் அலுவலகம், பிள்ளையின் பள்ளி, மார்க்கெட் இந்த மூன்றுக்கும் போக, ஊர் நடுவில் இருக்கிற சேரிங் கிராஸ் சந்திப்பைத் தாண்ட வேண்டியிராத பக்கத்தில் வீடு பாருங்கள். குன்னூர் வழியும் கோத்தகிரி வழியும் வருகிற வண்டிகள் கடைசியில் அங்கேதான் வந்து முட்டும். பூங்காவுக்குப் போகிற வழியும் அதுவே. ஃபிங்கர் போஸ்ட், எச்.பி.எஃப். (பழைய ஃபிலிம் தொழிற்சாலை) பக்கம் கொஞ்சம் மூச்சு விடலாம் என்பார்கள். கூடலூர் வழியாக வருகிற கர்நாடக, கேரள வண்டிகள் அந்தப் பக்கம்தான் நுழையும், அதையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று: காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் ஜனவரியில் உறைபனி கொட்டும். மே மாதம் பச்சைப் புல்வெளியாய்த் தெரிகிற இடம் அப்போது உப்புத் தூவிய மாதிரி இருக்கும். பார்க்க அழகு. காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறக்கிறவருக்குத்தான் கஷ்டம்.

இரண்டாவது வழி, மே மாதமே வந்து, ஆனால் ஊருக்கு வெளியே தங்குவது. எனக்குப் பிடித்தது இதுதான், அதிலும் கேத்தி, லவ்டேல் பக்கம். இரண்டுக்கும் மலை ரயில் நிலையம் இருக்கிறது. பஸ் நெரிசலில் மாட்டி நிற்கும்போது குன்னூர்-ஊட்டி பாசஞ்சர் ரயில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சீசனில் அதிலும் உட்கார இடம் கிடைக்காது, ஆனால் நேரத்துக்கு வந்து சேரலாம். இந்தப் பக்கம் வீட்டை மாத வாடகைக்கு விடுகிறவர்கள் மே மாதத்திலும் இருக்கிறார்கள்.

ஆனால் கேத்திச் சரிவில் வீடு பார்க்கும்போது வீட்டை விட, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்ணைப் பாருங்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையை வெட்டித் தளம் எடுத்து, பின்சுவரும் வெட்டிய மண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வீடு வேண்டவே வேண்டாம். தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா, மேலே இருக்கிற வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்று பாருங்கள். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

குன்னூர் ஊட்டியை விடத் தாழ்ந்தது. ஊட்டி 2,240 மீட்டர் என்றால் குன்னூர் 1,850 மீட்டர் அளவில். குளிர் தாங்காத பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு அதுவே நல்லது. என் மாமியார் ஊட்டியில் ஒரு வாரம் இருந்துவிட்டு, "இந்த ஊர்ல மனுஷன் எப்பக் குளிக்கிறான்?" என்று கேட்டார். குன்னூரில் இருக்கிற சித்தி வீட்டில் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார். ஆனால் அங்கிருந்து ஊட்டிக்கு தினமும் போய்வருவது சீசனில் வேலையைவிடப் பெரிய வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரயில்வே கேட் மூடினால் ஊரே நின்றுவிடும்.

கோத்தகிரி அமைதி என்ற பெயர் சீசனில் பாதிதான் நிஜம். கூட்ட நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். ஆகவே காலையில் கோத்தகிரி தூங்கும். சாயங்காலம் ஊட்டியைப் பார்த்து முடித்தவர்கள் எல்லோரும் அதன் வழியாக இறங்குவார்கள். காலையில் ஊட்டிக்குப் போய் மாலையில் திரும்புகிற ஆளாக இருந்தால், திரும்புகிற நேரத்தில் அந்த வரிசையில்தான் நீங்களும். கோத்தகிரியிலேயே வேலை என்றால் யோசிக்காமல் வாருங்கள். கரடி மட்டும் அவ்வப்போது வந்து போகும். மீந்த சோற்றை இரவில் வாசலில் கொட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா முதல் நாளே சொல்லிவிடுவார்.

மூன்றாவது வழி, ஜூன் பாதி வரை காத்திருப்பது. வீட்டுக்காரர்கள் சீசன் வருமானத்தைப் பார்த்து முடித்துத் தணிந்திருப்பார்கள், நாலு வீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், வாடகையும் பேசலாம். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, ஈர வீட்டுக்குள் ஈரச் சாமானோடு போய் இறங்குவது என்னவென்று. தென்மேற்குப் பருவமழை ஊட்டியின் மேற்குப் பக்கத்தைப் பிடித்து ஆட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. ஊருக்குள் அவ்வளவு இருக்காது, ஆனால் நாள்கணக்கில் நூல் பிடித்த மாதிரித் தூறும். பஞ்சு மெத்தை ஒருமுறை நனைந்தால் செப்டம்பர் வெயிலுக்குத்தான் காயும். தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், அப்பளம் துணியாகிவிடும்.

சமையலறை பழக எந்த மாதம் வந்தாலும் ஒரு மாதம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கர்தான், விசில் கணக்கும் கூட. தோசை மாவு மே மாதத்திலேயே ஒரு ராத்திரியில் பொங்காது. நான் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கிற பழக்கத்துக்கு வந்தேன். மே மாதம் வந்தால் இந்தப் பாடமெல்லாம் கொஞ்சம் லேசான குளிரில் முடிந்துவிடும். ஜூலையில் வருகிறவருக்கு எல்லாம் ஒரே சமயத்தில்.

இனி சாமான் ஏற்றுகிற விஷயம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் செய்த தப்பைச் செய்ய வேண்டாம். வெளியூர் வண்டி பிடித்தது முதல் தப்பு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும் என்று ஆனது. டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊட்டியிலிருந்து கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற வண்டிகள் பல, திரும்பும்போது காலியாக வரும். இங்கே யாராவது தெரிந்தவர் மூலம் அப்படி ஒரு வண்டியைப் பேசிவிட்டால் வாடகையும் குறைவு, டிரைவருக்கு வளைவும் தெரியும், நெரிசலும் தெரியும். என் இரண்டாவது வீடு மாற்றத்தின்போது அம்மா வீட்டிலிருந்து ஃபிரிட்ஜும் தையல் மெஷினும் அப்படித்தான் ஏறி வந்தன, ஒரு கோணிப்பை முட்டைகோஸ் இலையோடு. சீசனில் பெரிய லாரிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு இருக்கும் என்பதால் சின்ன வண்டியே நல்லது. செவ்வாய் அல்லது புதன்கிழமை, விடியற்காலை நாலு மணிக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்டினால் பால் வண்டிகளோடு ஏறிவிடலாம். மே மாதத்திலும் பிற்பகலில் இடியோடு கோடை மழை வரும், தார்ப்பாய் இல்லாமல் கிளம்பாதீர்கள். தண்ணீர் பாட்டில் கட்டும் ஏற்றாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில், பை எல்லாம் இங்கே தடை, சோதனைச் சாவடியில் இறக்கச் சொல்வார்கள்.

சொந்தக் காரோ ஸ்கூட்டரோ வெளியூர்ப் பதிவெண்ணில் இருந்தால், வாடகை ஒப்பந்தம் கையில் வந்ததும் உள்ளூர்க்காரர்களுக்கான பாஸுக்கு முகவரிச் சான்றோடு எழுதிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் நீங்களும் சுற்றுலாப் பயணிதான்.

கொடைக்கானலுக்கு மாறுதல் ஆனவர்களும் கேட்பதால் ஒரு வார்த்தை. அங்கேயும் மே மாதம்தான் கோடை விழா, பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. 2025 சீசனில் அங்கே வண்டி வரம்பு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று இருந்தது. ஆனால் நீலகிரி போல ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று பிரித்துவிட அங்கே வாய்ப்புக் குறைவு. வத்தலகுண்டு சாலையும் பழனி சாலையும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடும். அங்கிருந்து சில்வர் கேஸ்கேட் அருவியைத் தாண்டி ஊர் வரை ஒரே சாலை. அருவியில் பத்து பேர் செல்ஃபி எடுக்க நின்றால் போதும். அதனால் கொடைக்கானலுக்கு மே மாதம் சாமானோடு போகாதீர்கள் என்று சட்டென்று சொல்லிவிடுவேன். ஊட்டிக்கு அப்படிச் சொல்லமாட்டேன்.

ஊட்டிக்கு என் பதில் இது. பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் மே மாதமே வாருங்கள், ஆனால் மலர்க் கண்காட்சிக்கு முந்தைய வாரத்தில், கேத்தி, லவ்டேல் பக்கம். ஜூனில் பள்ளி திறக்கிற அன்று பிள்ளைக்கு ஸ்வெட்டரும் பழகியிருக்கும், பஸ்ஸும் பழகியிருக்கும். வீட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு எடுங்கள், ஆனால் முதல் மழைவரை மனசுக்குள் அதைத் தற்காலிகம் என்றே வைத்திருங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். பிள்ளை இல்லை, ஒற்றை ஆள் என்றால் மே மாதம் இரண்டு பெட்டியோடு வந்து எங்காவது ஒரு அறையில் தங்குங்கள். தண்ணீர் விஷயத்தை அப்போதே தெருத் தெருவாய்க் கேட்டு வையுங்கள். ஜூலையில் குடையோடு அதே வீடுகளைப் போய்ப் பாருங்கள். சாமானை ஆகஸ்ட் கடைசியில், மழை விட்ட இரண்டு நாளில் ஏற்றுங்கள். குன்னூர், கோத்தகிரி என்றால் கணக்கு மாறும். அங்கே அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. வீட்டை நவம்பரில் பார்த்து, ஜனவரிக்கு மேல் ஏற்றுவது நல்லது.

நாங்கள் இரண்டாவது வீட்டை அப்படித்தான் ஜூலையில் பார்த்தோம். ஏற்கெனவே குடியிருந்த ஆசிரியர் குடும்பம் காலி செய்துகொண்டிருந்தது. நான் கேட்காமலே அந்த வீட்டு அக்கா ஹாலில் இருந்த காலண்டரைத் தூக்கிக் காட்டினார். ஆணி அடித்த ஓட்டையும் கொஞ்சம் தூசியும்தான். "படுக்கை ரூம்ல ஒரு மூலை மட்டும் ஊறும்," என்றார், "கட்டில அந்தப் பக்கம் போடாதீங்க." வாடகை பேசுவதற்கு முன்பே நான் கட்டிலை எங்கே போடுவது என்று அளக்க ஆரம்பித்துவிட்டேன்.